கரண்டு வாசித்த பாட்டு

கருவி மாறும்போதெல்லாம் இசை மாண்டுவிட்டதென்று ஒப்பாரி வைப்பதும், புதிய கருவி என்ற ஒரே காரணத்திற்காக அதனைத் தோளில் ஏற்றி ஊர்வலம் விடுவதும் தமிழரிடையே நெடுநாளாக இருந்துவரும் இரு நோய்கள். முதல் நோய் முதியோரையும் இரண்டாம் நோய் இளையோரையும் பற்றும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறன்று. ஒரே மனிதரிடம், ஒரே மாலைப் பொழுதில், இவ்விரண்டும் மாறி மாறித் தலைகாட்டுவதுண்டு. 1986ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தின் இசையைப் பற்றி இன்றுவரை ஓயாமல் நடந்துவரும் வழக்கே இதற்குப் போதிய சான்று.

கே. பாலசந்தர் இயக்கிய அப்படத்திற்கு இளையராஜா இசையமைத்தார். பாடல்களை வைரமுத்து இயற்றினார். இவ்விருவரும் சேர்ந்து பணியாற்றிய கடைசிப் படமாகவும் அது அமைந்துபோயிற்று. கமல்ஹாசன் நடன ஆசிரியராகவும் ரேவதி அவரிடம் பயில வரும் பெண்ணாகவும் நடித்த கதையாதலின், பாட்டும் ஆட்டமும் படத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கதையே அவற்றின் மீதுதான் நின்றது. ஜப்பானிய யமாஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5.எம். என்னும் சிறிய இசைக் கணிப்பொறி அப்படத்தின் ஒலிப்பதிவில் பயன்பட்டது. அப்பணியில் கணிப்பொறியையும் விசைப்பலகையையும் இயக்கியவர், அந்நாளில் திலீப் என்று அழைக்கப்பட்ட இளைஞர். 1992ஆம் ஆண்டில் ‘ரோஜா’ வெளிவந்தபோது அவர் ஏ.ஆர். ரகுமான் ஆகியிருந்தார்.

மலாக்கா நகருக்கு வடக்கே, செங், குருபோங் ஆகிய ஊர்களை அடுத்திருக்கும் பாயா ரும்புட், பெயருக்கேற்பப் புல் மண்டிய சதுப்பு நிலமாக ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். பின்னர் அச்சுற்றுவட்டாரத்தைப் பால்மரங்கள் ஆண்டன. இன்று அலோர் காஜாவிலிருந்து ஜாசின் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அதனை ஊடறுத்துச் செல்கிறது. மரங்கள் நின்ற இடங்களில் தாமான்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கு வாழும் இரசிகர் ஒருவர், இளமையில் விடியற்காலையில் பால்மரம் வெட்டியவர். திருவிழாக் காலங்களில் உறுமி மேளக் குழுவில் உறுமி வாசித்தவர். ‘புன்னகை மன்னன்’ ஒலிநாடாவைத் தேயத் தேயக் கேட்டவர். அப்பாடல்களைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரே மூச்சில் தீர்ப்பு வந்து விழும்: “பாதிப் பாட்டு ஆள் வாசிச்சது, மீதிப் பாட்டு கரண்டு வாசிச்சது.”

நல்ல வாசகம்தான். அறிஞர் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல இயலாததை ஓர் உறுமிக்காரர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று கைதட்டத் தோன்றும். ஆயினும் அத்தீர்ப்பைப் பாட்டுப் பாட்டாக எடுத்து நிறுத்துப் பார்த்தால் தராசு ஓரிடத்தில் இடறுகிறது.

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘என்ன சத்தம் இந்த நேரம்’ அவருடைய கணக்கில் ஆள் வாசித்த பாட்டு. கருவிகள் யாவும் பின்வாங்கிக் குரலுக்கு இடம்விட்டு நிற்கும் பாட்டு அது. சித்ரா பாடிய ‘ஏதேதோ எண்ணம் வளர்த்தேன்’, வாணி ஜெயராம் பாடிய ‘கவிதை கேளுங்கள்’ ஆகியனவும் அதே கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. ‘கால காலமாக வாழும்’ முழுக்க முழுக்கக் கரண்டு. அதனை அவர் ஓடவிட்டுத் தாண்டிவிடுவார். மலேசியா வாசுதேவன் பாடிய ‘மாமாவுக்கு’ அவருக்கு உயர்வாகத் தோன்றவில்லை. எனினும் இந்நாட்டில் பிறந்து சென்னைக்குச் சென்று பெயர் நாட்டிய பிள்ளையின் குரல் என்பதற்காக அதனைத் தாண்டுவதில்லை. பாசம் சில வேளைகளில் இரசனைக்கு அபராதம் கட்டத்தான் செய்யும், அதில் பிழையொன்றுமில்லை.

இடறல் எங்கே? சித்ரா பாடிய மழைப்பாட்டான ‘வான் மேக’த்திலும், சொற்களே இல்லாத அந்த நடன இசையிலும்தான். இரண்டிலும் மின்னணு ஒலி மறைந்திருக்கவில்லை, பச்சையாகவே தெரிகிறது. அவருடைய சூத்திரப்படி இரண்டும் கரண்டுக் கணக்கில் தள்ளப்பட வேண்டியவை. ஆனால் அவர் அவற்றைத் தாண்டுவதில்லை. ஏன் என்று கேட்டால், “அது வேற” என்று பேச்சை முடித்துக்கொள்கிறார்.

அந்த ‘அது வேற’ என்பதில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. அவருடைய செவி சரியானது; அச்செவிக்கு அவர் மாட்டியிருக்கும் வாதம்தான் பிழையானது. அவ்வாதம் அவருக்கு மட்டும் உரியதன்று. கோயில் மண்டபத்திலும் சங்கக் கூட்டத்திலும் திருமண விருந்திலும் மலேசியத் தமிழர் பலர் அதனை மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். ஆதலின் அது விடையின்றி விடப்படலாகாது.

வாதத்தின் முதற் கூறு, கணிப்பொறி அயலாருடையது, எனவே அதன் வழி வரும் இசையும் அயலாருடையது என்பது. இது ஒரு நாழிகையும் நில்லாத வாதம். வயலின் எந்நாட்டுக் கருவி? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்து இரு நூறு ஆண்டுகள்தாம் ஆகின்றன. இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. ஆர்மோனியத்தின் கதை இன்னும் சுவையானது. அது இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று கூறி அனைத்திந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது; 1971ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது. சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கட்டைகளால் காட்ட முடியாது என்பது தடை செய்தோர் கூறிய காரணம். காரணம் உண்மையே. ஆயினும் அதே காலத்தில் தமிழ் நாடக மேடை முழுவதும் ஆர்மோனியத்தின் மீதுதான் நின்றுகொண்டிருந்தது. வானொலி நிலையம் வாயிலில் நிறுத்திய கருவியை, ஊர்மக்கள் கொட்டகைக்குள் முன்வரிசையில் அமர்த்தி வைத்திருந்தனர்.

அவ்வளவு தூரம் செல்வானேன்? மலாக்காவின் சொந்தப் பாட்டென்று உலகம் போற்றும் டொண்டாங் சாயாங்கை எடுத்துக்கொள்ளலாம். மலாய்க்காரரும் பாபா நோன்யாக்களும் மலாக்காச் செட்டிகளும் போர்த்துகீசிய வழியினரும் சேர்ந்து வளர்த்த பாட்டு அது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2018ஆம் ஆண்டில் அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ரெபானாவும் கோங்கும் ஒலிக்க, நடுவே ஊடாடுவது வயலின். ஐரோப்பாவிலிருந்து வந்த அவ்வில்லைப் பார்த்து, “இது மலாக்காவினுடையதன்று” என்று எவரேனும் கூறினால் நகைப்புக்கு இடமாகும். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ அரங்கேற்ற வேண்டிய அளவுக்கு அது மறைந்துபோயிற்று. யாழ் போயிற்றே தவிர, அதில் பிறந்த பண்கள் வேறு கருவிகளில் குடியேறி வாழ்ந்தன. அயன்மை என்னும் குற்றச்சாட்டை இதனோடு கட்டி வைத்துவிடலாம்.

இரண்டாம் கூறு அப்படி எளிதில் தள்ளத்தக்கதன்று. இயந்திரத்திற்குச் செவி இல்லை என்பது அது. இங்கே அந்த உறுமிக்காரர் தம் அனுபவத்திலிருந்து பேசுகிறார்; அவரை மறுப்போர் அமைதியாக அமர்ந்து கேட்க வேண்டும். பாயா ரும்புட்டுக்கு அண்மையில் உள்ள செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்தன்று காவடி எடுத்துச் செல்வோருக்கு முன்னால் உறுமி வாசிப்பவர் தாளத்தை எண்ணிக்கொண்டு நடப்பதில்லை. காவடி எடுத்தவரின் கால்களைப் பார்த்து வாசிக்கிறார். கால் தளர்ந்தால் மேளம் தாழ்ந்து தாங்கும். அருள் ஏறினால் மேளம் முந்திச் சென்று அழைக்கும். ‘கால காலமாக வாழும்’ பாட்டில் தாளம் எவர் காலையும் பார்க்கவில்லை, எவர் மூச்சையும் கேட்கவில்லை, தொடங்கிய வேகத்தில் தொடங்கிய கனத்தில் இறுதிவரை அடித்துக்கொண்டே போகிறது என்பது அவருடைய குறை.

இக்குறையை அவர் கண்டுபிடித்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. சிலப்பதிகாரம் அதனை என்றோ இலக்கணமாக வகுத்து வைத்திருக்கிறது. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் அடுக்கிக் கூறுகிறார். தண்ணுமை வாசிப்பவனுக்கு அவர் வைக்கும் தேர்வு கைவேகம் மட்டுமன்று. பிற கருவிகளின் இசையோடு ஒன்ற வேண்டும். குறைவுபடும் இடத்தில் நிரப்ப வேண்டும். மிகும் இடத்தில் அடக்க வேண்டும். தன் ஒலி எல்லை மீறிப் பிறர் ஒலியை விழுங்காதிருக்க வேண்டும். சுருங்கக் கூறின், அவன் வாசிப்பதைவிட மிகுதியாகக் கேட்க வேண்டும். அத்தேர்வில் கணிப்பொறி உட்காரக்கூட முடியாது.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று கணிப்பொறிப் பகைவர்கள் மேளதாளத்துடன் எழுந்து போய்விடலாம். ஆனால் ஒரு வினா அவர்கள் வழியை மறிக்கிறது. கணிப்பொறி வருவதற்கு முன்னர்த் திரைப்பாட்டுக்குத் தாளம் வாசித்தவர் எவருடைய காலைப் பார்த்து வாசித்தார்? பாட்டு முதலில் பதிவாகிறது. ஆட்டம் வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில் படமாகிறது. தபேலாக்காரர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தடுப்புக்குள் அமர்ந்து, காதில் மாட்டிய கருவியைக் கேட்டு, முன்னால் வைத்த குறிப்பைப் பார்த்து வாசித்தார். காவடிக்காரரின் காலுக்கும் மேளக்காரரின் கைக்கும் இடையே இருந்த கயிற்றை அறுத்தது ஒலிப்பதிவே. அது அறுந்தபின் அரை நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்த கணிப்பொறியின் மீது முழுப் பழியையும் சுமத்துவது, தாத்தா விற்ற நிலத்திற்குப் பேரனைப் பிடித்து அடிப்பது போன்றது.

இனி அப்பொறி உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதனைத் தூற்றுவதும் போற்றுவதும் ஒன்றுதான். ஒரு சுரத்தின் உயரம், அது தொடங்கும் நேரம், நீடிக்கும் அளவு, அழுத்தம் ஆகியவற்றை எண்களாக அதனுள் பதிய வேண்டும். அவ்வெண்களை இட்ட வரிசையில் அது ஒலியாக மாற்றித் தரும். தானாக ஒரு சுரத்தையும் அது கூட்டாது, ஒன்றையும் குறைக்காது. ஒலியைப் பிறப்பிக்கும் முறை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்தது. ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை விரைந்து அசைத்தால் புதிய ஒலிவண்ணங்கள் தோன்றும் என்பது அதன் சாரம். யமாஹா நிறுவனம் அம்முறைக்கு உரிமம் பெற்றுத் தன் கருவிகளில் இட்டது. இம்முறைக்கு ஓர் இயல்பு உண்டு. மணியோசை, கண்ணாடியில் கரண்டி தட்டும் ஓசை, நீர்த்துளி சொட்டுவது போன்ற ஓசை ஆகியவற்றை அது அழகாகப் பிறப்பிக்கும். வயலின் கூட்டத்தையும் எக்காள வரிசையையும் போலச் செய்ய முற்படும்போது மெலிந்த, தகரத் தன்மை கொண்ட போலியைத் தரும்.

இவ்வொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு ‘புன்னகை மன்ன’னை மீண்டும் கேட்போர்க்கு, உறுமிக்காரரின் ‘அது வேற’ என்பதன் பொருள் விளங்கத் தொடங்கும். ‘வான் மேக’த்தில் மின்னணு ஒலி மனிதர் எவரையும் போல நடிக்கவில்லை. அது துளியாகத் தெறிக்கிறது, துள்ளுகிறது, சித்ராவின் குரலுக்கு அடியில் ஈரமான தரை போல விரிந்து கிடக்கிறது. அந்த வேலைக்கு ஐம்பது வயலின்களை அமர்த்தினாலும் அவை பயன்பட்டிரா. அந்நடன இசையிலோ பொறியின் மாறாத சீரே அழகாக்கப்பட்டிருக்கிறது. அளந்து வெட்டியது போன்ற அச்சீரின் மேல் உருக்கமான மெட்டு ஒன்று நடந்து வருகிறது. கீழே மாறாத ஒன்று ஓடுவதால்தான் மேலே நடப்பதன் உருக்கம் தெரிகிறது. படத்தில் கமல்ஹாசன் சாப்ளின் செல்லப்பா என்னும் இரண்டாவது வேடமும் ஏற்றிருந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். இயந்திரத்தின் பற்சக்கரத்தில் அகப்பட்ட மனிதனை வைத்து 1936ஆம் ஆண்டில் ‘மாடர்ன் டைம்ஸ்’ எடுத்தவர் அந்தச் சாப்ளின். இயந்திரச் சீரையும் மனித நெகிழ்ச்சியையும் மோதவிட்டு நகைப்பும் அழுகையும் உண்டாக்குவது அவருடைய கலை. அதே மோதலை இளையராஜா இசையில் நிகழ்த்தினார் என்று கொள்வதில் தவறில்லை.

‘கால காலமாக வாழும்’ தோற்பதும் இதே அளவுகோலால்தான். அங்கே பொறி, பொறியாக இருக்க நாணி, ஆரவாரமான மேலைநாட்டு ஆட்ட அரங்கின் வாத்தியக் குழுவாக வேடம் கட்டுகிறது. பாலசுப்பிரமணியமும் சித்ராவும் முழு ஆற்றலுடன் பாடியும் அவ்வேடத்தைக் காப்பாற்ற இயலவில்லை. 1986இல் புதுமையாகப் பளபளத்தது, இன்று சாயம் போன சட்டையாகத் தொங்குகிறது. ‘கவிதை கேளுங்கள்’ இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. பரதத்தின் சொற்கட்டும் மேற்கத்தியத் தாளமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் பாட்டு அது. எதிர்கொள்ளும் இடங்களில் தீப்பொறி பறக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கும் இடங்களில் தளர்கிறது. வாணி ஜெயராமின் தெளிந்த குரல் அத்தளர்ச்சியைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. உறுமிக்காரர் இதனை முழுமையாக ஆள் கணக்கில் எழுதியதும், அக்குரலின் மீதுள்ள மதிப்பால் நேர்ந்த தாராளமே.

ஆக, பொறி தன் சொந்தக் குரலில் பேசும் இடங்களில் வெல்கிறது. மனிதர்போல் நடிக்கும் இடங்களில் தோற்கிறது. அதற்கு இல்லாத செவியை அதன் சார்பில் இசையமைப்பாளர் கடன் கொடுத்த பாட்டுகள் வாழ்கின்றன. ‘ஆள்’, ‘கரண்டு’ என்னும் இரு பெட்டிகளில் பாட்டுகளை அடைத்துவிட்டால் இவ்வேறுபாடு கைக்கு அகப்படாது.

எதிர்ப்பக்கத்தாரையும் சும்மா விடுவதற்கில்லை. “இந்தியாவின் முதல் கணிப்பொறி இசை” என்னும் பட்டயத்தை ஏந்திக்கொண்டு, அதனாலேயே இத்தொகுப்பு குற்றங்களுக்கு அப்பாற்பட்டது என்று கொண்டாடுவோர் அவர்கள். முதன்மை ஒரு புகழாகுமா என்பது இருக்கட்டும், அம்முதன்மையே கேள்விக்குரியது. அதே 1986ஆம் ஆண்டில் சில மாதங்களுக்கு முன்னர் வந்த ‘விக்ரம்’ படத்திற்கு அப்பட்டத்தைச் சூட்டுவோர் உளர். அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்னர், 1982இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர் ரோலண்டு நிறுவனத்தின் மின்னணுத் தாளப் பொறியையும் ஒலிப்பொறிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு பத்து இராகங்களை ஆட்டத் தாளத்தில் வாசித்து இசைத்தட்டு ஒன்றை உருவாக்கினார். வந்தபோது அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 2010ஆம் ஆண்டில் மறுவெளியீடு கண்டபின் உலக இசை வல்லுநர்கள் வியந்து நின்றனர். முதலாவது என்பதே பெருமையானால் முடி அவருக்கன்றோ போக வேண்டும்? ‘என்ன சத்தம் இந்த நேரம்’ எத்தனையாவது பாட்டு என்று எண்ணிக்கொண்டா எவரும் கண் கலங்குகின்றனர்?

இவ்வளவும் கூறியபின், உறுமிக்காரரின் வாதத்தில் மூன்றாவதாக ஒன்று எஞ்சுகிறது. அதனை அவர் உரக்கச் சொல்வதில்லை. கரண்டு வாசித்தால் வாசித்தவன் எங்கே போனான் என்பதே அது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இசைக் குழு முழுவதும் அமர்ந்து வாசித்தால்தான் ஒரு பாட்டு உருவாகும் என்ற நிலை இருந்தது. ஒருவர் பிழை செய்தால் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். அது துன்பந்தான், ஆயினும் அத்தனை வீடுகளில் அன்று அடுப்பு எரிந்தது. 1990களில் பொறிகள் பெருகப் பெருக, அந்நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இதனைப் பால்மரம் வெட்டிய ஒருவர் உணர்வதுபோல் வேறெவர் உணர்வார்? பால்மரத்தை வீழ்த்திச் செம்பனையை நட்டபோது, பத்துப் பேர் செய்த வேலைக்கு அத்தனை பேர் வேண்டியிருக்கவில்லை. நிலத்தையே விற்றபோது ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. லயங்களைக் காலி செய்துகொண்டு மூட்டை முடிச்சுகளுடன் நகர்ப்புறம் நோக்கி நடந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று தாமான்களில் வாழ்கின்றனர். வேலை இழந்த வயலின்காரருக்காக ஒரு பால்வெட்டுத் தொழிலாளி வருந்துவதைப் பழைமைப் பித்து என்று நகைப்போருக்கு இசையும் தெரியாது; வரலாறும் தெரியாது.

ஆனால் அவ்வருத்தத்தைச் செம்பனை மரத்தின் மீது காட்டிப் பயனில்லை. எதை நடுவதென்று முடிவு செய்தவர் மரமன்று. பாட்டிலும் அவ்வாறே. 1986ஆம் ஆண்டிலேயே இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் தொகுப்பையும் வெளியிட்டார். தியாகராசரையும் ஐரோப்பிய இசை மேதை பாக்கையும் வணங்கிச் செய்யப்பட்ட அத்தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினே அரசாட்சி செய்கிறது. அதே ஆண்டில், அதே மனிதர், ஒரு கையில் கணிப்பொறியையும் மறு கையில் வயலின் கூட்டத்தையும் வைத்துக்கொண்டிருந்தார். 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது மேடையில் இருந்தவர்கள் மனிதர்களே. பொறி வயலினைக் கொன்றது என்போர் இவ்விரண்டையும் எந்தக் கணக்கில் எழுதுவர்? பொறியை மட்டும் போதும் என்று முடிவு செய்தவர்கள் பின்னால் வந்தனர். அவர்கள் சிக்கனம் கருதி முடிவு செய்தனர். அந்தச் சிக்கனத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் துணிவில்லாதவர்கள், வாய்பேசாப் பெட்டியைக் கண்டிக்கின்றனர்.

அச்சிக்கனம் சென்னையில் மட்டுமா குடியிருக்கிறது? கணிப்பொறி இசையைக் கண்டிக்கும் பெரியவர்கள் பொறுப்பில் இருக்கும் கோயில்கள் பலவற்றில், பூசை வேளையில் மணியும் மேளமும் ஒருங்கே ஒலிக்கின்றன. வாசிப்பவர் எங்கே என்று தேடினால், சுவரோரத்தில் மின்விசைப் பொறி ஒன்று கைகளை ஆட்டிக்கொண்டிருக்கிறது. தீபாராதனை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. விசையை அணைத்தால்தான் நிற்கிறது. ‘புன்னகை மன்ன’னில் பொறிக்கு ஓர் இசையமைப்பாளரின் செவியாவது துணையிருந்தது. கோயில் சுவரோரத்துப் பொறிக்கு எவர் செவி துணையிருக்கிறது? மேளகாரருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், தங்க இடம் கொடுக்க வேண்டும், அவர் பிள்ளைக்குப் பள்ளிச் செலவும் உண்டு. பொறிக்கு மின்கட்டணம் போதும். ஆண்டவன் சந்நிதியில் இக்கணக்கைப் போட்டவர்கள், சென்னையில் எவரோ இதே கணக்கைப் போட்டார் என்று வருந்துவதற்கு முன் சுவரோரத்தை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நலம்.

தமிழ்ப்பள்ளி மேடைகளும் இவ்விசாரணைக்கு உட்பட வேண்டியவையே. பரிசளிப்பு விழாக்களில் பிள்ளைகள் ஆடுகின்றனர், பாடுகின்றனர், பின்னணி பெட்டியிலிருந்து வருகிறது. பெட்டி பழுதானால் ஆட்டம் நிற்கிறது. 1983ஆம் ஆண்டு முதல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் கீழ் இசைக்கல்வி பாடமாயிற்று. ரெக்கார்டர் என்னும் சிறு குழல் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அதுவும் அயல்நாட்டுக் கருவிதான். வார்ப்பில் இட்டு எடுத்த பிளாஸ்டிக் குழல்தான். ஆயினும் அதனை ஊதும் பிள்ளை தன் மூச்சால் ஊதுகிறது. பக்கத்தில் ஊதும் பிள்ளையைக் கேட்டால்தான் சேர்ந்து ஊத முடிகிறது. தண்ணுமையோனுக்கு இளங்கோவடிகள் வைத்த தேர்வின் முதற் பாடம் அந்த மலிவான குழலில் இருக்கிறது. அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியின் அரிச்சுவடி. பிள்ளைக்குத் தெரிந்தது கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டு. அப்பாட்டைத் தூற்றிக்கொண்டே பிள்ளையை உறுமியிடம் அழைத்துச் செல்ல எவராலும் இயலாது. அதே பாட்டில் எந்த ஒலி பொறியினுடையது, எந்த ஒலி விரலினுடையது என்று பிரித்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை தானே அடுத்த வினாவைக் கேட்கும்: அந்த விரல் யாருடையது?

அவ்வினாவுக்கு விடை சொல்ல அந்நாளைய ஒலிநாடா உறைகள் உதவா. தமிழ்த் திரைப்பாடல் ஒலிநாடாக்களின் உறைகளில் இசையமைப்பாளர் பெயர், கவிஞர் பெயர், பாடகர் பெயர்கள் ஆகியன அச்சிடப்படுவது வழக்கம். குழல் ஊதியவர், வயலின் இழுத்தவர், தபேலா வாசித்தவர் ஆகியோருக்கு அங்கு இடமிருந்ததில்லை. கணிப்பொறியை இயக்கிய திலீப்பின் பெயர் பிற்காலத்தில் அவர் அடைந்த புகழால் வெளிவந்தது. அவருக்குப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து வாசித்தவர்களுக்கு அவ்வாய்ப்பும் வாய்க்கவில்லை. ஆள் வாசித்த பாட்டுகளென்று பாயா ரும்புட் உறுமிக்காரர் எந்தப் பாட்டுகளைப் போற்றி வைத்திருக்கிறாரோ, அந்தப் பாட்டுகளை வாசித்த ஆட்களுள் ஒருவருடைய பெயரையும் அவரால் கூற இயலவில்லை. யமாஹாவின் பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.